முனைவர் பட்டத்தின் உண்மையான விலை

"வயசு நாற்பத்திரண்டு. ரெண்டு பிள்ளைங்க. வீட்டுக் கடன் இன்னும் பாதிகூட முடியல. இப்போ போய் பிஎச்.டி. சேரலாமா?"

வானொலியில் கல்வி பற்றிப் பேசும் நாள்களில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். கேட்பவர் ஒருநாள் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருப்பார். இன்னொரு நாள் மருத்துவமனைத் தாதி, அடுத்த வாரம் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருபது வருடமாக வேலை செய்பவர். ஆள் மாறினாலும் அடுத்த கேள்வி மாறுவதில்லை. "ஃபீஸ் எவ்வளவு வரும்?"

அது நியாயமான கேள்விதான். ஆனால் இருபத்தைந்து வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவருக்கும் நாற்பதைத் தாண்டிச் சேர்பவருக்கும் கட்டணச் சீட்டில் இருக்கும் தொகை ஒன்றேதான். கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவில்தான் இருவரும் வேறுபடுகிறார்கள். நாற்பதில் சேர்பவர் தம் சம்பளத்தை, சேமநிதியை, பிள்ளைகளோடு இருக்கும் மாலை நேரத்தைச் சேர்த்தே கட்டுகிறார். அவர் மட்டும் கட்டுவதில்லை. வீடே சேர்ந்து கட்டுகிறது. அதனால் கணக்கையும் வீடே சேர்ந்துதான் போட வேண்டும். இந்த வாரம் அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

எதற்காகப் படிக்கிறீர்கள்?

பணக் கணக்குக்கு முன்னால் மனக் கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த வயதில் முனைவர் பட்டம் வேண்டும் என்பவர்களுக்குப் பொதுவாக மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். சிலருக்குப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆக வேண்டும். சிலருக்கு இருக்கும் வேலையிலேயே உயர வேண்டும். இன்னும் சிலருக்கு, சின்ன வயதில் குடும்பச் சூழலால் விட்டுப்போன படிப்பு மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மூன்றும் மதிப்புள்ள காரணங்கள்தான். ஆனால் மூன்றுக்கும் ஒரே பட்ஜெட் கிடையாது. விரிவுரையாளர் ஆவதே நோக்கம் என்றால், பட்டம் முடியும்போது உங்களுக்கு என்ன வயது, அந்த வயதில் நிரந்தர இடம் கிடைக்குமா, ஒப்பந்த வேலைதான் கிடைக்குமா என்று அந்தத் துறையில் இருப்பவரிடமே முன்கூட்டிக் கேட்டுவிட வேண்டும். பதவி உயர்வுதான் நோக்கம் என்றால், உங்கள் அலுவலகம் முனைவர் பட்டத்துக்கு எத்தனை ரிங்கிட் கூடுதலாகத் தரும் என்பதை எழுத்தில் பாருங்கள். "கண்டிப்பா யோசிப்போம்" என்று மேலாளர் சொன்ன வார்த்தையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மனத்திருப்திக்காகப் படிப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. "பின்னால சம்பளம் ஏறும்" என்று வீட்டாரைச் சமாதானப்படுத்தி விட்டுச் சேர்ந்தால், சம்பளம் ஏறாத ஒவ்வொரு மாதமும் வீட்டில் அந்தப் பேச்சு திரும்ப வரும். ஒருவர் ஹஜ் பயணத்துக்கோ காசி யாத்திரைக்கோ பணம் சேர்த்தால் அதில் லாபம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதுபோல, இது என் ஆசை, இதற்கு இவ்வளவுதான் செலவழிப்பேன் என்று ஒரு வரம்பு வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வேலையை விட்டால் என்ன ஆகும்?

"முழு நேரமாப் படிச்சா மூணு வருஷத்துல முடிச்சிடலாம், வேலையை விட்டுடறேன்" என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட்.

மூன்று வருடச் சம்பளம் 180,000 ரிங்கிட். இது எல்லாருக்கும் தெரியும் தொகை. தெரியாமல் போவது ஊழியர் சேமநிதி. 5,000 ரிங்கிட் சம்பளத்தில் உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 550 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, 650 ரிங்கிட். மாதம் 1,200 ரிங்கிட் சேமநிதிக்குப் போகிறது. மூன்று வருடத்தில் அது 43,200 ரிங்கிட். வேலையை விட்ட மாதமே அது நின்றுவிடும்.

அதோடு முடியவில்லை. அந்த 43,200 ரிங்கிட் 43 வயதில் உங்கள் கணக்கில் இருந்து, ஆண்டுக்கு 5 விழுக்காடு இலாப ஈவு பெற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 60 வயதில் அது ஏறக்குறைய 99,000 ரிங்கிட்டாக வளர்ந்திருக்கும். இளையவர் ஒருவர் மூன்று வருட சேமநிதியை இழந்தால் ஈடுகட்ட அவருக்கு முப்பது வருடம் இருக்கிறது. நமக்கு இல்லை.

உங்கள் பங்கு சம்பளத்திலேயே அடக்கம் என்பதால், சம்பளத்தையும் சேமநிதியில் முதலாளியின் பங்கையும் கூட்டினால் 203,400 ரிங்கிட். 42 வயதில் தொடங்கி 45-இல் முடித்து, 60 வரை வேலை பார்த்தால் பதினைந்து வருடம் இருக்கிறது. இழந்ததைத் திரும்ப எடுக்க, பட்டத்துக்குப் பிறகு உங்கள் சம்பளம் மாதம் 1,130 ரிங்கிட் கூடியிருக்க வேண்டும், பதினைந்து வருடமும் அது தொடரவும் வேண்டும். கல்விக் கட்டணம் இந்தக் கணக்கில் இன்னும் சேரவே இல்லை.

சம்பளத்தோடு போவது வேறு சிலவும் உண்டு. நிறுவனம் கொடுத்த மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் வேலையோடு நின்றுவிடும். நாற்பதுக்கு மேல் புதிதாக ஒரு காப்புறுதி எடுக்கப் போனால் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று கேள்விகள் வரும், தவணையும் கூடும். வேலையை விடத்தான் போகிறீர்கள் என்றால், கடிதம் கொடுப்பதற்கு முன்பே சொந்தக் காப்புறுதியை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பகுதி நேரம் என்றால் நேரம்தான் காசு

அதனால்தான் நம்மில் பெரும்பாலோர் பகுதி நேரமாகச் சேர்கிறார்கள். வேலை இருக்கும், சேமநிதி ஓடும். ஆனால் காலம் நீளும். நான்கு முதல் ஆறு ஆண்டு என்று மனத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

வாரத்துக்கு 15 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் வியாழன் வரை இரவில் இரண்டிரண்டு மணி நேரம், சனிக்கிழமை ஏழு மணி நேரம். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. வருடத்துக்கு அது 780 மணி நேரம். ஐந்து வருடத்துக்கு 3,900 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் கிட்டத்தட்ட 487 நாள், அதாவது ஏறக்குறைய இரண்டு வருட முழு நேர வேலை. அந்த இரண்டு வருடத்தை எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள்?

பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். தூக்கத்தில் கொஞ்சம், பிள்ளைகளின் வீட்டுப்பாட நேரத்தில் கொஞ்சம், உறவினர் கல்யாணத்தில் கொஞ்சம், துணைவர் தோளில் நிறைய. மூத்த பிள்ளை எஸ்பிஎம் எழுதும் வருடமும் உங்கள் ஆய்வேட்டின் கடைசி வருடமும் ஒன்றாக வருமா என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். பெற்றோரின் வயதையும் எண்ணுங்கள். நாற்பதில் இருக்கும் நமக்கு அப்பாவின் மருத்துவமனைச் சந்திப்பும் பிள்ளையின் டியூஷனும் ஒரே மாலையில் விழும். ஆய்வுக்கான நேர அட்டவணை போடும்போது அந்த மாலைகளுக்கும் இடம் விடுங்கள்.

கட்டணச் சீட்டில் இல்லாத செலவுகள்

அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு மாணவருக்கான ஆய்வுவழிக் கட்டணம் பொதுவாகத் தனியாரைவிடக் குறைவு. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலும் அந்த ஆண்டுக்கான தொகை இருக்கும். அதைப் பார்க்கும்போது ஒரு தவணைக்கு எவ்வளவு என்பதோடு, கால நீட்டிப்புத் தவணைக்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். ஏனென்றால் குறித்த காலத்தில் முடிக்க முடியாமல் போகும்போது ஒவ்வொரு கூடுதல் தவணைக்கும் கட்ட வேண்டியிருக்கும்.

அதன் பிறகு வரும் பட்டியல் இது. பயணம். ஈப்போவில் இருப்பவர் கோலாலம்பூரில் சேர்ந்தால் போக 200 கிலோமீட்டர், வர 200 கிலோமீட்டர். வருடத்துக்குப் பத்து முறை மேற்பார்வையாளரைப் பார்க்கப் போனாலே 4,000 கிலோமீட்டர், ஐந்து வருடத்தில் 20,000 கிலோமீட்டர். பெட்ரோல், டோல், கார் பராமரிப்பு எல்லாம் அதில் அடக்கம். அதே ஆசிரியர் தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் பயணம் கணிசமாகக் குறையும். பெயருக்காகத் தூரமாகப் போகிறவர்கள் தூரத்துக்கும் விலை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

பிறகு மொழித் திருத்தம். ஆங்கிலத்திலோ மலாயிலோ ஆய்வேடு எழுதும் பலர் கடைசியில் ஒரு திருத்துநரிடம் கொடுக்கிறார்கள். 80,000 சொல் உள்ள ஆய்வேட்டுக்குச் சொல்லுக்கு 5 சென் என்று வைத்தாலே 4,000 ரிங்கிட். பல பல்கலைக்கழகங்கள் பட்டத்துக்கு முன் ஆய்விதழில் கட்டுரை வெளிவர வேண்டும் என்று கேட்கின்றன. சில இதழ்கள் கட்டுரை வெளியிடக் கட்டணம் வாங்குகின்றன, வாங்காத நல்ல இதழ்களும் இருக்கின்றன. எது எது என்று மேற்பார்வையாளரிடம் முதல் வருடத்திலேயே கேட்டு வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் அவசரமாகப் பணம் கட்டும் நிலை வராது. இவற்றோடு மாநாட்டுப் பதிவு, மென்பொருள், அச்சு, பைண்டிங், இடையில் ஒரு முறை பழுதாகும் மடிக்கணினி. என் ஆலோசனை, கட்டணத்தின் மேல் இன்னொரு பாதித் தொகையை இந்தச் சில்லறைகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். மிஞ்சினால் பட்டமளிப்பு விழாவுக்குப் புடவை எடுக்கலாம்.

பணம் எங்கிருந்து வரும்?

நம் நாட்டில் வழிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் நிபந்தனை இருக்கிறது.

அரசாங்க ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முதலில் பார்க்க வேண்டியது எச்எல்பி எனப்படும் கூட்டரசுப் பயிற்சி உபகாரச் சம்பளம். கிடைத்தால் வேலையையும் இழக்காமல் படிக்கலாம். வயது வரம்பும் துறைப் பட்டியலும் உண்டு. படித்து முடித்த பிறகு குறிப்பிட்ட காலம் அரசாங்கச் சேவையில் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. அந்த ஒப்பந்தத்தையும், படிப்பு முடியாமல் போனால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகையையும், ஜாமீன் கையெழுத்துப் போடுபவருக்கு முன்னால் வைத்துப் படியுங்கள். ஜாமீன் போடுபவர் பெரும்பாலும் உங்கள் அண்ணனாகவோ மாமாவாகவோ இருப்பார்.

உயர்கல்வி அமைச்சின் மைபிரெயின் போன்ற திட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், நண்பர் மூன்று வருடத்துக்கு முன் வாங்கியதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மேற்பார்வையாளரின் ஆய்வு நிதியிலிருந்து ஆய்வு உதவியாளராகச் சேரும் வாய்ப்பும் உண்டு. அது முழு நேர மாணவர்களுக்கே அதிகம் பொருந்தும், மாதப்படி முழுச் சம்பளத்துக்கு ஈடாகாது.

வருமான வரிக் கழிவு பலர் சொல்லும் வழி. சுயமாகப் படிக்கும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு கிடைக்கிறது. முதுகலை, முனைவர் பட்டப் படிப்பு என்றால் எந்தத் துறையாக இருந்தாலும் சரி. ஆனால் 7,000 ரிங்கிட் கையில் வருவதில்லை. நம் 5,000 ரிங்கிட் சம்பளக்காரரின் ஆண்டு வருமானம் 60,000. தனிநபர் கழிவு 9,000, சேமநிதிக் கழிவு 4,000 போக மிச்சம் 47,000. அந்த நிலையில் அவருக்கு விழும் வரி 6 விழுக்காடு. ஆகவே 7,000 ரிங்கிட் கழிவால் அவர் மிச்சப்படுத்துவது 420 ரிங்கிட். வேலையை விட்டு வருமானமே இல்லாமல் படிப்பவருக்கு அதுவும் இல்லை. 420 ரிங்கிட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை; ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். அதை நம்பி மட்டும் சேராதீர்கள்.

சேமநிதியைத் தொடலாமா?

தொடலாம் என்று சட்டம் சொல்கிறது. 2024 மே மாதம் முதல் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நாம் போடும் தொகையில் 75 விழுக்காடு ஓய்வுகாலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்கும் போகிறது. கல்விக்கான மீட்பு செஜாத்ரா கணக்கிலிருந்து வருகிறது.

இப்போது நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். மாதம் 1,200 ரிங்கிட்டில் 15 விழுக்காடு என்பது 180 ரிங்கிட், வருடத்துக்கு 2,160 ரிங்கிட். கட்டணம் 30,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், இலாப ஈவைச் சேர்க்காமல் பார்த்தால் அந்தக் கணக்கில் ஏறக்குறைய பதினான்கு வருடச் சேமிப்பு அது. ஒரு கையெழுத்தில் போய்விடும். திரும்ப நிரப்ப இன்னொரு பதினான்கு வருடம் வேண்டும். 42 வயதில் எடுத்தால் 56 வயதாகிறது. வீடு வாங்கவும் மருத்துவச் செலவுக்கும் எடுக்க வேண்டிய கணக்கும் அதுவே என்பதை மறந்துவிடக் கூடாது.

அதனால் என் கருத்து இது. கட்டணத்தில் ஒரு பகுதிக்கு எடுப்பது வேறு, முழுக் கட்டணத்தையும் அங்கிருந்தே கட்டுவது வேறு. எடுத்தால் ஒரு முறைதான், கடைசித் தவணைக்குத்தான் என்று உங்களுக்கே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் கடன் எடுத்து முனைவர் பட்டம் படிப்பது பற்றி யாராவது கேட்டால் என் பதில் சுருக்கமானது: வேண்டாம். கடன்காரர் கைபேசியில் அழைக்கும் மாதத்தில் யாருக்கும் இலக்கிய மீள்பார்வை அத்தியாயம் எழுத வராது.

மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுப்பதும் பண விஷயம்தான்

இதைப் பலர் கல்வி விஷயமாக மட்டும் பார்க்கிறார்கள். மேற்பார்வையாளர் ஆறு மாதம் உங்கள் அத்தியாயத்தைப் படிக்காமல் வைத்திருந்தால் அது ஒரு தவணைக் கட்டணம். அவர் இடையில் ஓய்வு பெற்றாலோ வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலோ, புதியவர் வந்து தலைப்பை மாற்றச் சொன்னால் அது ஒரு வருடம்.

ஆகவே சேர்வதற்கு முன் மரியாதையாகவே கேட்டுவிடுங்கள். "டாக்டர், உங்ககிட்ட பகுதி நேரமாப் படிச்சவங்க எத்தனை பேரு முடிச்சிருக்காங்க? எவ்வளவு காலம் ஆச்சு? அத்தியாயம் குடுத்தா எத்தனை வாரத்துல கருத்து வரும்? இன்னும் எத்தனை வருஷம் இங்க இருப்பீங்க?" நல்ல மேற்பார்வையாளர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அவரிடம் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரிடம் தேநீர் குடித்துக்கொண்டே பேசிப் பாருங்கள். இணையத்தளத்தில் இல்லாத செய்தி அங்கேதான் கிடைக்கும்.

அவசரத்தில் ஏமாறாதீர்கள்

வயதாகிவிட்டது என்ற பதற்றத்தைக் காசாக்கத் தெரிந்தவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். ஒரு வருடத்தில் முனைவர், ஆய்வேடே வேண்டாம், அனுபவம் போதும், விழா நடத்திப் பட்டம் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ஒரு 'டாக்டர்' போட்டுக்கொள்ள அது உதவலாம். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் உதவாது.

உள்நாட்டுப் படிப்பு என்றால் மலேசியத் தகுதி நிறுவனத்தின் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். எம்கியூஆர் என்று இணையத்தில் தட்டினால் வரும், தேடப் பணம் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், அரசாங்க வேலைக்கு அது ஏற்கப்படுமா என்பதை இ-சிஸ்ராஃப் தளத்தில் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரப் போகும் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் பணம் கட்டியவர்கள் கதை கேட்க மனம் கஷ்டமாக இருக்கும்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கணவரை உட்கார வைத்துச் சொன்னாராம்: "என்னங்க, அஞ்சு வருஷத்துக்கு சனிக்கிழமை நான் வீட்டுல இருப்பேன், ஆனா இல்லாத மாதிரிதான். சமையல், பிள்ளைங்க கிளாஸ் ரெண்டும் உங்களோடது. முடியுமா, முடியாதான்னு இப்பவே சொல்லிடுங்க." கணவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை சரி, ஆனால் தீபாவளி மாதமும் பள்ளி விடுமுறையில் ஒரு வாரமும் புத்தகத்தைத் தொடக் கூடாது என்றாராம். இரண்டையும் நாள்காட்டியில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டார்கள்.

பெரிய தத்துவம் எதுவும் இல்லாத இந்தப் பேச்சில் எல்லாமே இருக்கிறது. எத்தனை வருடம், எந்த நாள், யார் எந்த வேலையை எடுத்துக்கொள்வது, எது விட்டுக்கொடுக்க முடியாதது. நம் வீடுகளில் ஆண் படித்தால் "அப்பா படிக்கிறாங்க, சத்தம் போடாதே" என்கிறோம். பெண் படித்தால் சமைத்து முடித்துப் பாத்திரம் கழுவிய பிறகு படிக்க வேண்டியிருக்கிறது. பகுதி நேரப் படிப்பு நீளுவதற்கு ஆய்வின் கடினத்தைவிட இந்தப் பாத்திரங்கள்தான் பல வீடுகளில் காரணம். வாரத்தில் இரண்டு நாள் சமையலுக்கு ஆள் வைக்கவோ சாப்பாடு வாங்கவோ ஆகும் செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். ஒரு தவணை குறைந்தால் அந்தப் பணம் திரும்ப வந்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதையும் அதே உட்காரலில் பேசிவிடுங்கள். ஆய்வு முன்மொழிவு ஒன்றரை வருடத்தில் ஏற்கப்படாவிட்டால் என்ன செய்வது? வேலை போனால்? உடல்நிலை ஒத்துழைக்காவிட்டால்? பல பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க இடம் உண்டு. முதுகலை ஆய்வாகச் சேர்ந்து, பிறகு முனைவர் பட்டத்துக்கு மாறும் வழியும் சில இடங்களில் இருக்கிறது. தயங்குபவர்களுக்கு அது நல்ல வாசல். பிடிக்கவில்லை என்றால் ஒரு முதுகலையோடு கௌரவமாக வெளியே வரலாம்.

ஒரு தாள் போதும்

இந்த வாரம் ஒரு தாளை எடுத்து ஐந்து எண்களை எழுதுங்கள். நீட்டிப்போடு சேர்த்து மொத்தக் கட்டணம். கட்டணம் தவிர்த்த செலவு. ஆறு மாதக் குடும்பச் செலவுக்குக் கையில் இருக்கும் அவசரப் பணம். பட்டம் முடியும்போது உங்கள் வயது, அதிலிருந்து 60 வரை மிச்சமுள்ள வருடங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அந்த மணி நேரத்தை யார் விட்டுத்தருகிறார்கள்.

மூன்றாவது எண் பூஜ்யம் என்றால், ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். அந்த வருடம் வீண் போகாது. மாதம் கட்டணத்துக்கு ஆகும் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுப் பழகலாம், துறைக்கான நூல்களைப் படிக்கத் தொடங்கலாம், மேற்பார்வையாளர்களைச் சந்திக்கலாம். பன்னிரண்டு மாதமும் பிசகாமல் போட முடிந்தால், உங்கள் வீடு இந்தச் செலவைத் தாங்கும் என்று அர்த்தம். ஏழாவது மாதத்தில் எடுத்துச் செலவழிக்க வேண்டி வந்தால், கடன் எதுவும் இல்லாமலேயே உங்களுக்கு அந்த உண்மை தெரிந்துவிட்டது.

ஐந்தாவது எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெயரை எழுதுங்கள். கணவரோ மனைவியோ அம்மாவோ மூத்த மகளோ, நேரத்தை விட்டுத்தருபவர் யாரோ அவர் பெயர். பிறகு தாளை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் படித்து முடித்து என்ன சொல்கிறார் என்று கேட்ட பிறகு விண்ணப்பப் பாரத்தைத் திறக்கலாம்.